முதலில் வந்தவர் ஜெயிக்காத பந்தயம்

2013 ஆகஸ்டில் மங்கோலியாவின் புல்வெளியில் ஒரு பந்தயம் முடிந்தது. மங்கோல் டெர்பி என்று பெயர். 1,000 கிலோமீட்டர். ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரையை மாற்றிக்கொள்ளலாம். அங்கே கொடுப்பவை எல்லாம் பாதி காட்டுத்தனமான மங்கோலியக் குட்டைக் குதிரைகள். அந்த வருடம் முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவர் ஓர் அமெரிக்க இளம்பெண். ஆனால் ஜெயித்தவர் அவர் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த லாரா பிரையர்-பால்மர் என்ற 19 வயது ஆங்கிலேயப் பெண்.

என்ன நடந்தது? கோட்டைத் தாண்டியதும் கால்நடை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் வந்தவருடைய குதிரையின் இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்கவில்லை. தண்டனை இரண்டு மணி நேரம். லாராவின் குதிரைக்குத் துடிப்பு இறங்கிவிட்டது. அவ்வளவுதான், முடிவு தலைகீழானது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்ணும், அதுவரைக்கும் வயதில் மிகக் குறைந்தவரும் லாராதான்.

இதை முதலில் படித்தபோது எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது. 1,000 கிலோமீட்டர் ஓடிவந்து கடைசியில் ஸ்டெதாஸ்கோப்பிடம் தோற்பதா? பிறகு நெடுந்தூரக் குதிரைச் சவாரி, அதாவது எண்டூரன்ஸ் ரைடிங், பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எண்ணம் மாறிவிட்டது. சிறுவர் சிறுமியரை இந்த விளையாட்டுக்குள் இழுக்க நினைப்பவர்கள் முதலில் சொல்லவேண்டிய கதையே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்பதை இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

மருத்துவர் இல்லாத காலம்

நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் போனி எக்ஸ்பிரஸ். 1860 ஏப்ரலில் தொடங்கி 1861 அக்டோபரில் மூடப்பட்ட தபால் சேவை. மிசூரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ வரை சுமார் 3,000 கிலோமீட்டர். பத்து நாளில் கடிதம் போய்ச் சேரும். ஓட்டியவர்கள் பெரும்பாலும் எடை குறைந்த இளைஞர்கள். "அநாதைகளுக்கு முன்னுரிமை" என்று விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த விளம்பரத்தின் அசலை அந்தக் காலப் பத்திரிகைகளில் யாரும் காட்டவில்லை. அதைவிட முக்கியம், அது அஞ்சலோட்டம். 15, 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் புதுக் குதிரை. களைத்த குதிரை அங்கேயே நின்றுவிடும், கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரே குதிரையை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போட்டி போட்டால் என்னாகும் என்பதை 1892-இல் ஐரோப்பா பார்த்தது. ஜெர்மன் அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு, ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு. சுமார் 580 கிலோமீட்டர். யார் வேகமாகப் போய்ச் சேருகிறார் என்பது மட்டுமே கேள்வி. வென்றவர் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய குதிரை இறந்துபோனது. பல குதிரைகள் வழியிலேயோ, போய்ச் சேர்ந்த பிறகோ இறந்தன. ராணுவத்துக்குப் பெருமை, குதிரைக்குச் சாவு. அன்றைக்கே இதைக் கண்டித்து ஐரோப்பாவில் பலர் எழுதினார்கள்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்குவதையும், வருடம் முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் முக்கியமானது, குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை என்பது. வாங்கப் பணம் இருந்தது, வளர்க்க அறிவு இல்லை. அவர் சொன்ன எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். இருந்தாலும் குதிரை வைத்திருப்பது வேறு, குதிரையைத் தெரிந்து வைத்திருப்பது வேறு என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

இன்றைய எண்டூரன்ஸ் விளையாட்டு பிறந்தது 1955-இல், கலிபோர்னியாவில். வெண்டல் ரோபி என்பவர் சில நண்பர்களோடு சியரா நெவாடா மலைகளைத் தாண்டி ஆபர்ன் வரை 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஒரே நாளில் ஒரே குதிரையில் போக முடியும் என்று காட்டினார். அதுவே டெவிஸ் கோப்பைப் பந்தயமாக இன்றுவரை நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நல்ல உடல்நிலையோடு முடிக்கும் எல்லாருக்கும் வெள்ளி பெல்ட் பக்கிள். கிளம்புகிறவர்களில் பாதிப்பேர்தான் பெரும்பாலும் முடிக்கிறார்கள். 1964 முதல் இன்னொரு கோப்பையும் உண்டு, ஹேகின் கோப்பை. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளை அடுத்த நாள் மறுபடி சோதித்து, எது மிக நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்குக் கொடுப்பது. அந்த ஊரில் பலர் முதல் பரிசைவிட இதைப் பெரிதாக நினைக்கிறார்கள்.

1972-இல் அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரைட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு உருவானது. "முடிப்பதே வெற்றி" என்பது அவர்களுடைய தாரக மந்திரம். முடிப்பது என்றால் கோட்டைத் தாண்டுவது இல்லை. தாண்டிய பிறகு, "இந்தக் குதிரை இன்னும் கொஞ்ச தூரம் போகத் தகுதியாக இருக்கிறது" என்று மருத்துவர் சொல்வதுதான் முடிப்பது.

பதினைந்து நொடியில் பதினாறு

சரி, மருத்துவர் என்னதான் பார்க்கிறார்? இதைத் தெரிந்துகொண்டால் விளையாட்டில் பாதி புரிந்துவிடும்.

ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும். ஓட்டத்தில் அது மூன்று, நான்கு மடங்காகும். நல்ல பயிற்சி பெற்ற, அளவோடு ஓட்டப்பட்ட குதிரை நின்ற சில நிமிடங்களிலேயே 60-க்குப் பக்கத்தில் வந்துவிடும். களைத்த குதிரைக்கு, நீர் வற்றிய குதிரைக்கு, எங்கேயோ வலிக்கிற குதிரைக்கு இறங்காது. 60 அல்லது 64 என்பதுதான் பல போட்டிகளில் எல்லை. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், இடது பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணினால் 16 துடிப்பு வரவேண்டும். நான்கால் பெருக்கினால் 64. பத்து வயதுக் குழந்தையால் செய்ய முடிகிற கணக்கு.

அடுத்து ஈறு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் ஓரிரு நொடியில் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். மடிப்பு நின்றால் நீர் வற்றியிருக்கிறது. வயிற்றில் காது வைத்தால் குடல் உருளும் சத்தம் கேட்கவேண்டும். அங்கே அமைதியாக இருந்தால் ஆபத்து. குதிரைக்கு வயிற்றுவலி உயிரையே வாங்கும். கடைசியாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நேராக ஓடிப்போய்த் திரும்பி வரவேண்டும். நொண்டுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இதில் எது தவறினாலும் பந்தயம் அங்கேயே முடிந்தது. தூரம் எவ்வளவு மிச்சம், நேரம் எவ்வளவு கையில் என்பதெல்லாம் கணக்கில் வராது.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது வியர்வை விஷயம். மனித வியர்வையில் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் நாம் வியர்த்தால் உள்ளே மிஞ்சும் ரத்தத்தில் உப்பு அடர்த்தி கூடும். மூளை உடனே "தாகம்" என்று சொல்லும். குதிரையின் வியர்வையில் உப்பு ரத்தத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியே போய்விடுவதால் ரத்தத்தின் உப்பு அடர்த்தி பெரிதாகக் கூடாது. விளைவு? வெயிலில் கடினமாக ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்த்துக்கொட்டும் அந்த மிருகத்துக்குத் தாகமே தெரியாமல் போகலாம். "குதிரையைத் தண்ணீர்கிட்ட கொண்டு போனேன், குடிக்கல, அப்ப அதுக்குத் தாகம் இல்ல" என்று நினைத்தால் தப்பு. அதனால்தான் வழியில் கிடைக்கும் ஓடை, தொட்டி எல்லாவற்றிலும் நின்று குடிக்கக் குதிரையைப் பழக்குகிறார்கள். உப்புக்கலவையைத் தனியாகக் கொடுக்கிறார்கள். இளைப்பாறும் இடத்தில் ஈரமான தீவனம் வைக்கிறார்கள். தனக்குத் தேவை என்பது தனக்கே தெரியாத ஒரு ஜீவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேலே உட்கார்ந்திருப்பவருக்கு.

மட்டக்குதிரையும் சின்ன ஆளும்

போனி என்பதற்குத் தமிழில் மட்டக்குதிரை. கொடைக்கானல் ஏரிக்கரையில் பத்து நிமிடச் சவாரிக்கு நிற்கிறதே, அந்த அளவு. உலக வழக்கில் தோள் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டாததை போனி என்பார்கள். எண்டூரன்ஸ் உலகில் அரபுக் குதிரைதான் ராஜா, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிறுவர்கள் தொடங்குவதற்கு மட்டக்குதிரை பொருத்தம் என்பதற்கு உடலியல் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது வெப்பம். தசை எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் ஓட்டமாக மாறும், மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு தோல் வழியாகத்தான் போகவேண்டும். உடல் சிறியதாக இருந்தால் எடைக்குக் கிடைக்கும் தோல் பரப்பு அதிகம். பெரிய பாத்திரத்துச் சாம்பாரைவிடச் சின்னக் கிண்ணத்துச் சாம்பார் சீக்கிரம் ஆறுகிற மாதிரி. வெயில் நாளில் பெரிய, தசை பெருத்த குதிரை படும் பாட்டைச் சின்னக் குதிரை படுவதில்லை.

இரண்டாவது எடை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலான கட்டைவிரல் கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ, அதுவும் சேணத்தோடு சேர்த்து. 35 கிலோ சிறுமியும் 10 கிலோ சேணமும் சரியாக உட்காரும். 75 கிலோ பெரியவர் அதே சேணத்தோடு ஏற வேண்டுமென்றால் 425 கிலோ குதிரை வேண்டும். எனவே நல்ல மட்டக்குதிரைக்குத் தோதான ஆள் சின்ன ஆள்தான்.

மூன்றாவது, கீழே நின்று செய்யவேண்டிய வேலைகள். குளம்பைத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று பார்ப்பது, கழுத்தில் தண்ணீர் ஊற்றுவது, துடிப்பை எண்ணுவது. எட்டிப் பிடிக்கிற உயரத்தில் குதிரை இருந்தால் இதையெல்லாம் குழந்தையே செய்யும். பெரிய குதிரையென்றால் அப்பாவோ அம்மாவோ செய்வார்கள். குழந்தை ஏறி உட்கார்ந்து இறங்குவதோடு சரி.

ஒரு சிக்கலும் உண்டு. மட்டக்குதிரை கிளம்பும் இடத்தில் மற்ற குதிரைகள் பாய்வதைப் பார்த்துத் தானும் பாயும். 35 கிலோ ஆளால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. இதற்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் வழி எளிமையானது: எல்லாரும் போகட்டும், பத்து நிமிடம் கழித்துக் கிளம்பு. 80 கிலோமீட்டருக்கு அமெரிக்காவில் 12 மணி நேரம் தருகிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு ஏழு கிலோமீட்டர்கூட வேண்டாம். பத்து நிமிடத்தில் குடி முழுகிவிடாது.

இரண்டு சிறுவர்கள், ஐந்து விதிகள்

சிறுவர்களின் நெடுந்தூரச் சவாரி பற்றிப் பேசினால் அபர்னாதி சகோதரர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. லூயிக்கு 9 வயது, டெம்பிளுக்கு 5. 1909-இல் ஓக்லஹோமாவின் ஃபிரெடரிக் ஊரிலிருந்து நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே வரை போய்த் திரும்பினார்கள். பெரியவர்கள் கூட இல்லை. அடுத்த வருடம் நியூயார்க் வரை போய், வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த தியடோர் ரூஸ்வெல்ட்டின் வரவேற்பு ஊர்வலத்தில் குதிரையில் கலந்துகொண்டார்கள். 1911-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு. 60 நாளில் முடித்தால் 10,000 டாலர் என்று பந்தயம்; 62 நாள் ஆனது. பணம் கிடைக்கவில்லை.

முதல் பயணத்துக்கு அவர்களுடைய அப்பா போட்ட விதிகள் எனக்குப் பிடித்தமானவை. அவசரம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு 50 மைலுக்கு மேல் போகாதே. அடி தெரியாத ஓடையில் இறங்காதே, தெரிந்தவர் கூட்டிப்போனால் தவிர. கையில் ஐந்து டாலருக்கு மேல் வைக்காதே. கடன் வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை பயணம் வேண்டாம்.

ஐந்து வயதுப் பையனைத் தனியாக அனுப்பியதை இன்று யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள், நானும் இல்லை. ஆனால் அந்த விதிகளைக் கவனியுங்கள். வேகமாகப் போ, ஜெயித்து வா என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே எங்கே நிற்கவேண்டும் என்பது பற்றியவை. பத்தாயிரம் டாலர் ஆசை நுழைந்தது கடைசிப் பயணத்தில்தான்.

ஏன் வருவதில்லை, எப்படி வருவார்கள்

இந்த விளையாட்டுக்கு இளையவர்களைக் கொண்டுவருவது சுலபம் இல்லை. காரணங்கள் வெளிப்படையானவை. பார்வையாளர் கிடையாது, குதிரை கிளம்பிக் காட்டுக்குள் மறைந்தால் திரும்பி வரும்வரை பார்க்க ஒன்றுமில்லை. தடை தாண்டும் போட்டியில் ஒன்றரை நிமிடத்தில் கைத்தட்டல் கிடைக்கும். இங்கே விடியற்காலையில் எழுந்து, மாலையில் புழுதியோடு வந்து சேர்ந்தால் ஒரு மருத்துவர் வயிற்றில் காது வைப்பார். செலவும் இருக்கிறது: குதிரை, அதைக் கொண்டுபோக வண்டி, பெற்றோரின் வார இறுதி.

வேலை செய்யும் வழிகள் என்று நான் படித்தவற்றைத் தொகுத்தால் இப்படி வருகிறது.

முதல் படி சவாரியே இல்லை. உதவியாளராகப் போவது. நிறுத்தத்தில் நின்றுகொண்டு வரும் குதிரைகளின் துடிப்பை எண்ணுவது, எழுதுவது, தண்ணீர் சுமப்பது. ஒரே நாளில் ஐம்பது குதிரைகளின் இதயத்தைக் கேட்ட பிள்ளைக்கு, அளவோடு ஓட்டிய குதிரைக்கும் விரட்டப்பட்ட குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காதுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, போட்டி இல்லாத சின்னச் சவாரி. 10, 20 கிலோமீட்டர். இங்கிலாந்தில் எண்டூரன்ஸ் ஜிபி போன்ற அமைப்புகள் இப்படிப்பட்டவற்றை நடத்துகின்றன. 1929-இல் தொடங்கிய போனி கிளப்பும் சிறுவர்களுக்கு இதற்கு ஒரு வாசல். அமெரிக்காவில் 25 முதல் 35 மைல் வரை தனிப் பிரிவு உண்டு. அதில் ஓர் அழகான ஏற்பாடு: கோட்டைத் தாண்டிய நேரம் கணக்கில்லை, துடிப்பு 60-க்கு இறங்கிய நேரம்தான் முடித்த நேரம். கடைசி இரண்டு கிலோமீட்டர் பாய்ந்து வந்தவன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, இறங்கிக் குதிரையோடு நடந்து வந்த சிறுமி அவனை முந்திவிடுவாள். இதை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது.

மூன்றாவது, துணைக்கு ஒரு பெரியவர். அமெரிக்க விதிப்படி 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு பெரியவரோடு சேர்ந்துதான் போகவேண்டும், ஹெல்மெட் கட்டாயம். டெவிஸில் குறைந்தபட்ச வயது 12. துணைக்கு வருபவர் பெற்றோராக இருக்கவேண்டியதில்லை. சொல்லப்போனால் இல்லாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. துணைக்கு வருபவரின் குதிரை நொண்டினால் சிறுவரும் நிற்கவேண்டும், அல்லது அந்த நிறுத்தத்திலேயே வேறு துணை தேடிக்கொள்ளவேண்டும். 12 வயதில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "நான் உங்ககூட வரலாமா?" என்று கேட்பது சின்ன விஷயமா என்ன!

நான்காவது, இரவல் குதிரை. வயதான சவாரிக்காரர்கள் பலரிடம் ஒன்றுக்கு மேல் நல்ல குதிரைகள் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. குதிரையே இல்லாத பிள்ளைகள் மறுபக்கம். இவர்களைச் சேர்த்துவைப்பதுதான் பல இடங்களில் இளையவர்கள் நுழையும் வழி. நூறு போட்டிகளைப் பார்த்த குதிரைக்குப் புதிய ஆளைவிட அதிகம் தெரியும், அது ஆசிரியர்.

இவற்றோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பொறுமைக்கான உடலியல். பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் குதிரையின் இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச நாள். தசைநாணுக்கும் குளம்புக்கும் ஒரு வருடம். எலும்புக்கு அதற்கும் மேல். அதாவது மூன்று மாதத்தில் குதிரை துள்ளும், "என்னால முடியும், விடு" என்னும். கால் இன்னும் தயாராக இருக்காது. அதனால்தான் அமெரிக்காவில் 25 மைலுக்குக் குதிரைக்கு நான்கு வயது, 50 மைலுக்கு ஐந்து வயது, டெவிஸுக்கு ஆறு வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகளின் உடம்புக்கும் ஆசைக்கும் இடையிலும் இதே இடைவெளி உண்டு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவேண்டியதில்லை.

வேகம் நுழைந்தால்

இந்த விளையாட்டின் இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டு இளையவர்களைக் கூப்பிடுவது சரியில்லை. சமதரைப் பாலைவனத்தில், பெரும் பணத்தோடு நடக்கும் போட்டிகளில் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியது. கால் எலும்பு முறிந்த குதிரைகளின் படங்கள் வெளியாயின. 2015-இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்யும் அளவுக்குப் போனது. மருத்துவர் இருந்தார், விதி இருந்தது, அதே 64 இருந்தது. ஆனாலும் நடந்தது. துடிப்பு 64-க்கு இறங்கினால் போதும் என்று வந்துவிட்டால் அந்த எண்ணையே ஏமாற்றுவதற்கு வழி தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மங்கோலியாவின் நாதம் திருவிழாவில் காலங்காலமாகச் சிறுவர்களே குதிரை ஓட்டுகிறார்கள். அவர்களுடைய சவாரித் திறமையைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். அதே நேரம், விழுந்து அடிபடும் குழந்தைகள் பற்றிக் குழந்தை உரிமைப் பணியாளர்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். குழந்தை லேசாக இருப்பது குதிரைக்கு வசதி என்பதிலிருந்து, குழந்தை லேசாக இருப்பது குதிரையின் சொந்தக்காரருக்கு வசதி என்பதற்கு ஓரடி தூரம்தான். யாருக்காகச் சவாரி என்ற கேள்வியைப் பெரியவர்கள் தங்களிடமே அடிக்கடி கேட்டுக்கொள்ளவேண்டிய இடம் இது.

இறங்கி நடக்கத் தெரிந்தவர்

அமெரிக்கப் போட்டி முடிவுத் தாள்களில் பெயருக்கு நேரே சில சுருக்கக் குறிகள் இருக்கும். நொண்டியதால் நிறுத்தம், உடல்நிலையால் நிறுத்தம் என்று. அதில் ஒன்று, சவாரி செய்தவரே விரும்பி நிறுத்தியது. மருத்துவர் "போகலாம்" என்ற பிறகும், "இல்லைங்க, இன்னிக்கு இது சரியா இல்ல, எனக்குத் தெரியுது" என்று தானே சொல்லி நின்றவர்களுக்கான குறி. தோற்றவர்கள் பட்டியலில்தான் அதுவும் வரும்.

ஆனால் ஒரு 13 வயதுப் பிள்ளை, மாதக்கணக்கில் காத்திருந்த நாளில், 60 கிலோமீட்டர் தாண்டி, முடிவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது, குதிரை தண்ணீர் குடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து திரும்புகிறது என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்? விடாமுயற்சி பற்றி ஆயிரம் கதைகள் இருக்கின்றன. நிறுத்தத் தெரிவதைப் பற்றிய கதைகள் குறைவு. நான் முடிக்கவேண்டும் என்ற ஆசையும், பேசத் தெரியாத ஒன்றின் உயிரும் ஒரே தராசில் இருக்கும்போது எந்தத் தட்டைப் பார்ப்பது என்பதை ஒரு பிள்ளை அந்த வயதில் ஒருமுறை தானாகவே முடிவுசெய்துவிட்டால், பிறகு வாழ்க்கையில் அந்தப் பிள்ளையின் கையில் எதைக் கொடுத்தாலும் எனக்குப் பயமில்லை.

இதற்கு ஜெயிக்கும் ஆசையைக் கொன்றுவிட வேண்டும் என்று பொருள் இல்லை. 2019-இல் டெவிஸில் எல்லாருக்கும் முன்னால் வந்தது 17 வயதுப் பெண். பெரியவர்கள் அத்தனை பேரையும் தாண்டி, 160 கிலோமீட்டர். குதிரையும் மருத்துவரிடம் தேறியது. இளையவர்களால் முடியும், நன்றாகவே முடியும்.

அதனால் உங்களுக்குத் தெரிந்த யாராவது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பிள்ளையோ, இங்கேயே குதிரையேற்றம் கற்கும் பிள்ளையோ, வட்ட மைதானத்தில் சுற்றிச் சுற்றி அலுத்துப்போயிருந்தால், இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். 160 கிலோமீட்டர் என்று ஆரம்பித்துப் பயமுறுத்த வேண்டாம். ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுங்கள். அடுத்த சவாரி முடிந்து இறங்கியதும் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து, 15 நொடி எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். அங்கிருந்துதான் தொடக்கம்.